டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லையா? அடுத்த வழி இருக்கிறது!

ஆண்டுதோறும் ஜூன் மாதம் வந்தால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் சோறு இறங்குவதில்லை.

வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையா? அப்படி ஒன்றும் இல்லை. பரீட்சை முடிவு வந்திருக்கிறது! டாக்டர் ஆகப் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்த பையனுக்கு இடம் இல்லை.

பையன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் கொள்கிறான். அப்பா ஈசிச்சேரில் சாய்ந்து விட்டத்தைப் பார்க்கிறார். அம்மா யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைக்கிறாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்று, "எத்தனை மார்க்கு?" என்று கேட்கிறார்.

காரைக்குடியிலும் இதே கதைதான். தேவகோட்டையிலும் இதே கதைதான். சிவகங்கை ஜில்லாவில் மட்டும் அல்ல, நாடு முழுவதும் இதே கதைதான்.

அப்புறம் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஒரு பதில் அல்ல, பல பதில்கள் இருக்கின்றன. அதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

திண்ணைக் கணக்கு

டாக்டர் படிப்புக்கு "நீட்" என்ற நுழைவுப் பரீட்சை இருக்கிறது. மொத்த மார்க்கு 720. தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு முதல் இந்தப் பரீட்சையின் மார்க்கை வைத்துத்தான் இடம் தருகிறார்கள். அதற்கு முன் பத்து ஆண்டு காலம் பிளஸ்-டூ மார்க்கை வைத்தே இடம் கொடுத்து வந்தார்கள்.

2024-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் 23 லட்சம் பேருக்கு மேல் "நீட்" எழுதினார்கள். எம்.பி.பி.எஸ். இடங்கள் எத்தனை? ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான்.

செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் 20 பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தால், எழுந்து உள்ளே போகிறவர் ஒருவர். 19 பேர் திண்ணையிலேயே இருப்பார்கள். கணக்கு அப்படி!

அந்த 19 பேரும் மக்குகளா? இல்லவே இல்லை. அதே 2024-ல் பரீட்சையில் "தகுதி" பெற்றவர்கள் மட்டும் 13 லட்சம் பேர். அவர்களிலும் பெரும்பாலோருக்கு இடம் கிடைத்திருக்க முடியாது. ஏன்? இடமே அவ்வளவுதான்.

"தேறி விட்டேன் என்றானே, பிறகு ஏன் சீட்டு கிடைக்கவில்லை?" என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். தேறுவது வேறு. இடம் கிடைப்பது வேறு. இதை முதலில் வீட்டில் எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டும்.

சிவகங்கையில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2012-ல் தொடங்கியது. அப்போது அங்கே 100 இடங்கள். ஊருக்குப் பக்கத்தில் கல்லூரி வந்து விட்டது என்பதால் இடம் தானாக வந்து விடாது.

சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு, மருத்துவப் படிப்பில் 100-க்கு 7½ இடங்களை ஒதுக்கி 2020-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. தகுதி உள்ளவர்கள் இதைத் தவற விடக்கூடாது.

உயிரை விடப் பெரியதா?

ஒரு துயரச் செய்தியை மறக்க முடியாது. அரியலூர் ஜில்லா மாணவி அனிதா, பிளஸ்-டூ பரீட்சையில் 1,200-க்கு 1,176 மார்க்கு வாங்கியவர். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். "நீட்" மார்க்கு குறைந்ததால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 2017 செப்டம்பர் 1-ந் தேதி அவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். தமிழ்நாடே அழுதது.

பரீட்சை முறை சரியா, தவறா என்று பெரியவர்கள் வாதாடட்டும். ஆனால் வீட்டில் இருக்கிற பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும். அதுதான் முதல் வேலை.

முடிவு வந்த ஒரு வாரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். திட்டாதீர்கள். "எவ்வளவு செலவு செய்தேன் தெரியுமா?" என்று கேட்காதீர்கள். அத்தை பையனோடு ஒப்பிடாதீர்கள். பிள்ளை பேசவில்லை என்றால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். அதுவே போதும்.

மனம் மிகவும் உடைந்து போனதாகத் தெரிந்தால், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். பரீட்சை முடிவு வந்த நாட்களில் மாணவர்களுக்கு அங்கே ஆறுதலும் ஆலோசனையும் சொல்கிறார்கள். அப்படிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இழந்தவர்கள் எழுந்த ஊர்

காரைக்குடிப் பிள்ளைகள் வழி தெரியாமல் திகைக்க வேண்டியதில்லை. அவர்கள் பிறந்த மண்ணே "அடுத்த வழி" கண்ட மண்!

அந்தக் காலத்தில் செட்டிநாட்டுப் பையன்கள் சின்ன வயதிலேயே கப்பல் ஏறினார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டு விற்கப் போனார்கள். கடையில் சேர்ந்ததும் பெரிய உத்தியோகம் கிடைக்காது. முதலில் "பெட்டியடிப் பையன்". பணப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்ய வேண்டும். கணக்கு எழுதக் கற்க வேண்டும். பிறகு "அடுத்தாள்". அதற்குப் பிறகே "மேலாள்". படிப்படியாக ஏற வேண்டும்.

இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த தொழில் ஒரு நாள் ஆட்டம் கண்டது. 1930-ல் உலகம் எங்கும் விலைவாசி சரிந்தது. பர்மாவில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய குடியானவர்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பணத்துக்குப் பதிலாக நிலம் கைக்கு வந்தது. 1937-ல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. ஆனால் பர்மா மக்களுக்கு அது ஆறாத மனக்குறை. செட்டியார்களுக்கோ அது விற்க முடியாத சொத்து.

1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தார்கள். கணக்குப் புத்தகத்தைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்தவர்கள் பலர். யுத்தம் முடிந்த பிறகு பர்மா சர்க்கார் நிலங்களை எடுத்துக் கொண்டது. 1963-ல் பாங்குகளையும் தேசியமயமாக்கியது. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள்? தெரிந்த வித்தையை வேறு இடத்தில் பயன்படுத்தினார்கள். பணத்தைக் கையாளத் தெரிந்தவர்கள் பாங்கு நடத்தினார்கள். 1937 பிப்ரவரி 10-ந் தேதி "இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு" ஒரே நாளில் மூன்று ஊர்களில் திறக்கப்பட்டது. சென்னை, ரங்கூன், இன்னொன்று காரைக்குடி! பர்மாவில் வட்டித் தொழில் செய்த குடும்பங்களில் சில, தமிழ்நாட்டில் சைக்கிளும் இரும்புச் சாமான்களும் செய்யும் ஆலைகளை நிறுவின.

எல்லோருமா அப்படி எழுந்தார்கள்? இல்லை. வீட்டுத் தூணையும் கதவையும் விற்றுச் சாப்பிட்ட குடும்பங்களும் உண்டு. "போனது திரும்பி வரும்" என்று காத்திருந்தவர்கள் அதிகம் நஷ்டப்பட்டார்கள். கையில் உள்ள வித்தை எது என்று பார்த்து நடந்தவர்கள் பிழைத்தார்கள்.

பாரிஸ்டர் நூற்பாலை வைத்தார்!

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோட்டையூரில் 1909-ல் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். சென்னை மாநிலக் கல்லூரியில் இங்கிலீஷில் எம்.ஏ. படித்தார். லண்டனுக்குப் போய்ப் பாரிஸ்டர் ஆனார். ஆகாய விமானம் ஓட்டவும் கற்றுக் கொண்டார்.

ஊருக்குத் திரும்பியவர் கறுப்புக் கோட்டு மாட்டிக் கொண்டு வழக்காடினாரா? விமானம் ஓட்டிச் சம்பாதித்தாரா? இரண்டும் இல்லை! கொச்சிச் சீமையில் நூற்பாலை வைத்தார். அந்தத் தொழிலில்தான் செல்வம் சேர்ந்தது.

1947-ல் சென்னையில் ஒரு விழா. பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அதில் பேசினார். நாட்டில் கல்லூரிகள் பெருக வேண்டும், செல்வர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக் கொண்டார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார். அதே ஆண்டில் கல்லூரி தொடங்கி விட்டது!

பிறகு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடத்தைக் காரைக்குடிக்குக் கொண்டு வந்தார். 1948 ஜூலை 25-ந் தேதி பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 1952-ல் என்ஜினீயரிங் கல்லூரியும் வந்தது. 1957-ல், 48 வயதுகூட நிரம்பாமல், அழகப்பர் காலமானார். 1985-ல் அவர் பெயரால் பல்கலைக்கழகமே ஏற்பட்டது.

"சீட்டு இல்லை" என்று காரைக்குடியில் ஒரு பிள்ளை அழும்போது, சைக்கிளில் போகிற தூரத்தில் இத்தனை கல்லூரிகள் இருக்கின்றன. மற்ற ஊர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்று ஆராய்கிறார்கள். முலாம் பூசும் முறைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். மின்சார வண்டிக்கு வேண்டிய பாட்டரிகளை ஆராய்கிறார்கள். பாம்பன் பக்கம் கடல் காற்று இரும்பை அரித்து விடும் அல்லவா? அந்த உப்புக் காற்றில் உலோகங்களைச் சோதிக்க, மண்டபத்தில் ஒரு சோதனை நிலையமே வைத்திருக்கிறார்கள். இதே துறையில் பி.டெக். படிப்பும் காரைக்குடியில் உண்டு. ரசாயனத்தில் நல்ல மார்க்கு வாங்கி, டாக்டர் இடம் மட்டும் தவறிய பிள்ளைகள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கலாம்.

ஒன்பதாவது ஆள்

பழைய ராமநாதபுரம் ஜில்லாவில்தான் காரைக்குடியும் இருந்தது, ராமேசுவரமும் இருந்தது. அந்த ராமேசுவரத்தில் 1931-ல் பிறந்தவர் அப்துல் கலாம்.

அவருக்கு ஒரே ஆசை. ஆகாய விமானம் ஓட்ட வேண்டும்! சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமான என்ஜினீயரிங் படித்தார். கல்லூரியில் சேரப் பணம் இல்லை. அக்காள் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார்.

படிப்பு முடிந்ததும் விமானப் படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். 25 பேர் வந்திருந்தார்கள். எட்டுப் பேருக்குத்தான் இடம். கலாம் ஒன்பதாவதாக வந்தார்!

மனம் உடைந்து ரிஷிகேசம் போனார். அங்கே சுவாமி சிவானந்தரைக் கண்டு ஆறுதல் பெற்றார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விமானப் படைக்கு மனுப் போட்ட அதே சமயத்தில், பாதுகாப்பு இலாகாவின் தொழில்நுட்பப் பிரிவுக்கும் அவர் மனுப் போட்டு வைத்திருந்தார். அந்த வேலை கிடைத்தது. 1958-ல் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தார். இரண்டாவது மனுவைப் போடாமல் இருந்திருந்தால், ரிஷிகேசத்திலிருந்து எங்கே திரும்பியிருப்பார்?

1980-ல் அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட், "ரோகிணி" துணைக்கோளை வானில் ஏற்றியது. 2002-ல் ஜனாதிபதி ஆனார். 2006-ல், 74-ம் வயதில், புனா விமானத் தளத்தில் "சுகோய்" போர் விமானத்தில் ஏறி அமர்ந்து பறந்தார்.

எல்லோரும் ஜனாதிபதி ஆக முடியாது. ஆனால் இரண்டாவது மனுவை எல்லோரும் போடலாம்!

"ஏன் டாக்டர் ஆக ஆசைப்பட்டாய்?"

அழுகை ஓய்ந்த பிறகு, பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "ஏன் டாக்டர் ஆக ஆசைப்பட்டாய்?" என்பதுதான் அது. பதிலைப் பொறுத்து வழி மாறும்.

"நோயாளிகளுக்கு உதவி செய்ய ஆசை" என்று பிள்ளை சொன்னால்? ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியைச் சில நிமிஷம் பார்க்கிறார். நாள் முழுவதும் பார்ப்பது நர்சு. பி.எஸ்.சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. நர்சிங் டிப்ளமா மூன்று ஆண்டு. ரத்தம் பரிசோதிக்கிறவர், எக்ஸ்ரே எடுக்கிறவர், கண்ணாடிக்குப் பார்வை சோதிக்கிறவர், காது கேளாத குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறவர், இவர்கள் இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்காது. இந்தத் தொழில்களில் பலவற்றை ஒழுங்குபடுத்த 2021-ல் மத்திய சர்க்கார் தனிச் சட்டமே கொண்டு வந்தது.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இதற்கு நல்ல சாட்சி. அதை 1976-ல் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி முதலில் பிரசவ வைத்தியராக விரும்பியவர். மூட்டு வாதம் வந்து அவர் விரல்கள் கோணிப் போயின. அந்த ஆசையை விட்டுக் கண் வைத்தியத்துக்கு மாறினார். கோணிய விரல்களாலேயே ஒரு லட்சம் ஆபரேஷன்களுக்கு மேல் செய்தார். அவர் ஆஸ்பத்திரி 11 படுக்கையோடு ஆரம்பித்தது. அங்கே கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறார்கள். கண் சோதனை முதல் ஆபரேஷனுக்கு வேண்டிய ஏற்பாடு வரை பெரும்பகுதி வேலை அந்தப் பெண்கள் கையில்தான்!

"உடம்பு எப்படி இயங்குகிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொள்ள ஆசை" என்று சொன்னால்? அந்தப் பிள்ளைக்கு பி.பார்ம். பொருந்தும். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் பொருந்தும்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற ஆந்திரர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அணிந்ததால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியர் வேலை பார்த்தார். 1920-களில் அமெரிக்கா போய், ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக் கொண்டே ஆராய்ச்சி செய்தார். புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் "மெதோட்ரெக்சேட்" மருந்து அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்தது. அவர் நாடி பிடித்த நோயாளிகள் சிலர்தான். ஆனால் அவர் மருந்தால் பிழைத்தவர்கள் எண்ணில் அடங்காதவர்கள்.

"உயிர் உள்ளவற்றோடு வேலை செய்ய ஆசை" என்று சொன்னால்? கால்நடை மருத்துவம் இருக்கிறது. ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதுவும் டாக்டர் பட்டம்தான். விவசாயப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. தமிழ்நாட்டில் இந்த இரண்டுக்கும் மாநில இடங்களைப் பிளஸ்-டூ மார்க்கை வைத்தே நிரப்பி வருகிறார்கள். இங்கேயும் போட்டி கடுமைதான். ஆகவே நல்ல மார்க்கு உள்ளவர்கள் அசட்டையாக இருக்கக் கூடாது. சித்த வைத்தியப் படிப்புக்கு "நீட்" தகுதி வேண்டும்.

"கௌரவமும் நல்ல வருமானமும் வேண்டும்" என்று சொன்னால்? கோபித்துக் கொள்ளாதீர்கள். உண்மையைச் சொல்கிற பிள்ளை அது! கௌரவத்துக்கு டாக்டர் தொழில் ஒன்றுதான் வழி என்று யார் சொன்னார்கள்? சட்டம் படிக்கலாம். என்ஜினீயரிங் படிக்கலாம். ஆடிட்டர் ஆகலாம். ஆடிட்டர் பரீட்சைக்கு "இத்தனை இடம்தான்" என்ற வரம்பு கிடையாது. பரீட்சை கடினம். ஆனால் தேறியவர் எல்லோரும் ஆடிட்டர்தான். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய பூமியில் இதைச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

இன்னொரு பதிலும் வரலாம். "எனக்கு ஆசையே இல்லை. நீங்கள் சொன்னீர்கள், படித்தேன்" என்று பிள்ளை சொல்லலாம். அப்படிச் சொன்னால் பெற்றோர் வாயை மூடிக் கொண்டு முழுதும் கேட்க வேண்டும்.

திரும்ப எழுதலாமா?

எழுதலாம். "நீட்" பரீட்சைக்கு இத்தனை தடவைதான் என்ற வரம்பு இல்லை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது! ஒரு வருஷம் இரண்டாகும். இரண்டு மூன்றாகும். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய் விடுவார்கள். இவன் இன்னும் அதே புத்தகத்தோடு இருப்பான்.

ஆகையால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

முதலாவது: எத்தனை மார்க்கு குறைந்தது? கொஞ்சம் என்றால் இன்னொரு வருஷம் முயற்சி செய்வதில் நியாயம் உண்டு. மிக அதிகம் என்றால் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது: எத்தனை தடவை? "ஒரே தடவை, அதற்கு மேல் இல்லை" என்று பேசிக் கொள்ளுங்கள். ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வைத்துக் கொண்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது: பிள்ளைக்கே விருப்பம் உண்டா? அப்பாவின் ஆசைக்காக இன்னொரு வருஷம் பூட்டிய அறையில் படிக்கிற பிள்ளைக்குப் படிப்பு ஏறாது.

நிலத்தை விற்று வெளிநாடா?

"இங்கே இடம் இல்லை என்றால் என்ன? வெளிநாட்டில் சேர்த்து விடலாம்" என்று தரகர்கள் வருவார்கள். அவசரப்படாதீர்கள்.

வெளிநாட்டில் டாக்டர் படிப்புப் படிக்கப் போகிறவருக்கும் "நீட்" தகுதி வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். இங்கிலீஷில் நடக்க வேண்டும். அங்கே 12 மாதம் பயிற்சி, இங்கே வந்து 12 மாதம் பயிற்சி. இது 2021-ல் வந்த விதி. திரும்பி வந்ததும் இங்கே ஒரு தகுதிப் பரீட்சை எழுத வேண்டும். 2024 ஜூனில் அதை எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தேறினார்.

மற்ற நான்கு பேர்? பட்டம் இருக்கும், ஊசி போட அனுமதி இருக்காது. விற்ற நிலமும் திரும்பி வராது. நல்ல கல்லூரிகளில் படித்துத் தேறி வருகிறவர்களும் உண்டு. ஆகவே தரகர் சொல்வதை நம்பாமல், அங்கே படித்துத் திரும்பியவர்களை நேரில் கண்டு விசாரியுங்கள்.

உள்நாட்டில் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் டாக்டர் படிப்புக்கு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம். "முன்பணம் கொடுங்கள், இடம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.

கதவு சாத்துவதற்கு முன்னே!

பல குடும்பங்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மருத்துவ இடங்களுக்கான கலந்தாய்வு பல சுற்றுக்களாக நடக்கும். மாதக் கணக்கில் இழுக்கும். "அடுத்த சுற்றில் கிடைத்து விடும்" என்று காத்திருப்பார்கள். அதற்குள் என்ஜினீயரிங், விவசாயம், கலைக்கல்லூரி என்று ஒவ்வொரு கதவாகச் சாத்திக் கொள்ளும்.

ஆகையால் பிளஸ்-டூ முடிவு வந்த உடனே மற்றப் படிப்புகளுக்கும் மனுப் போட்டு விடுங்கள். மனுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஒரு வருஷத்தின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

பிளஸ்-டூ மார்க்கும் குறைவா? அப்போதும் வழி உண்டு. பாலிடெக்னிக்கில் பிளஸ்-டூ முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்ததும் என்ஜினீயரிங் கல்லூரியில் மறுபடி நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். சுற்று வழிதான். ஆனால் போய்ச் சேரும் இடம் ஒன்றே.

பணத்துக்கு என்ன செய்வது? பாங்கில் 7½ லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் தேவையில்லை என்பது விதி. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வி சேருகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் "புதுமைப் பெண்" திட்டம் 2022-ல் தொடங்கியது. பையன்களுக்கு "தமிழ்ப் புதல்வன்" 2024-ல் வந்தது. கல்லூரி ஆபீசில் இவற்றைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் வீடு தேடி வந்து கொடுக்க மாட்டார்கள்.

சேருவதற்கு முன் அந்தப் படிப்பை முடித்து வேலை செய்கிற ஒருவரை நேரில் பாருங்கள். "என்ன சம்பளம்? எத்தனை மணி நேர வேலை? உங்கள் பிள்ளையை இதில் சேர்ப்பீர்களா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் யோசித்துப் பதில் சொன்னால், நீங்களும் யோசியுங்கள். கல்லூரியின் அங்கீகாரச் சான்றையும் பாருங்கள். பெயர்ப் பலகை பெரியதாக இருக்கிறதே என்று சேர்த்து விடாதீர்கள்.

வாசலில் நிற்கிறவருக்கு என்ன பதில்?

"எத்தனை மார்க்கு?" என்று கேட்கிற பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது பிள்ளை அல்ல. அப்பாதான். "டாக்டர் சீட்டு கிடைக்கவில்லை. நர்சிங் சேர்க்கிறோம்" என்றோ, "பி.டெக். சேர்க்கிறோம்" என்றோ தலை நிமிர்ந்து சொல்லுங்கள். அப்பா தலை குனிந்தால், பிள்ளை அந்தப் புதுப் படிப்பையும் தண்டனை என்றே நினைக்கும். அப்பா நிமிர்ந்து சொன்னால், பிள்ளையும் நிமிர்ந்து கல்லூரிக்குப் போகும்.

அந்தப் பதிலை உள்ளே அறையில் இருக்கிற பிள்ளை காது கொடுத்துக் கேட்டுக் கொண்டுதான் இருக்கும்.